முதியோர்க்குத் துணைநிற்கும் ஆலோசகர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், 65 வயதடைந்தோர்க்கான மெடிக்கேர் என்னும் அரசாங்க மருத்துவக் காப்புறுதி 1965ஆம் ஆண்டிற் சட்டமாயிற்று. ஆயினும், சட்டம் தரும் உரிமை வேறு. அதனைப் பெறும் வழி வேறு. சிகிச்சைக்குப் பணம் வழங்கப்படாதென்று கடிதம் வந்தால், அதுவே முடிவென்றெண்ணித் தம் சேமிப்பைச் செலவிடும் முதியோர் உளர். அரசாங்கமே நேரடியாக நடத்தும் மெடிக்கேரில், அம்முடிவை எதிர்த்து 120 நாட்களுள் மேன்முறையீடு செய்யலாமென்பதை அவர்கள் அறியார்.

இக்குறையை நீக்க, 1990ஆம் ஆண்டுச் சட்டமொன்று மாநிலந்தோறும் இலவச ஆலோசனைச் சேவைக்கு வழிசெய்தது. அதிற் பணிபுரிவோருட் பலர் பயிற்சி பெற்ற தொண்டர்கள். அவர்கள் எக்காப்புறுதியையும் விற்பவரல்லர். ஆதலால் அவர்தம் ஆலோசனையில் ஆதாய நோக்கமில்லை. கடிதத்தை வாசித்துப் பொருள் கூறுவர்; மேன்முறையீட்டை எழுதவும் உதவுவர். தவணை கடக்குமுன் கடிதத்தை அவர்களிடம் காட்டுவதே முதியவர் செய்யவேண்டியது.