கறுத்த வெள்ளி ரூபாயைத் துலக்கலாமா?

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பாட்டி காலத்து மரப்பெட்டியைக் கவிழ்த்தால் இன்றும் ஒன்றிரண்டு வெள்ளி ரூபாய்கள் விழுவதுண்டு. விக்டோரியா ராணி தலை போட்டது, தாடிக்கார ராஜா தலை போட்டது என்று பல தினுசு. எல்லாம் முகம் தெரியாமல் கறுத்திருக்கும். உடனே நம் கை எங்கே போகிறது? விபூதிக்கும் எலுமிச்சம்பழத்துக்கும்தான்! ஐந்து நிமிஷத்தில் காசு பளபளவென்று ஆகிவிடும். அது நல்ல காசாக இருந்தால், அதே ஐந்து நிமிஷத்தில் அதன் விலையில் ஒரு பெரும்பகுதியும் விபூதியோடு கரைந்து போயிருக்கும்.

நாணயம் சேர்ப்பவர்கள் பளபளப்பை விரும்புவதில்லையா? விரும்புகிறார்கள். ஆனால் அது அச்சுச்சாலையிலிருந்து வந்த பளபளப்பாக இருக்க வேண்டும். துலக்கி வரவழைத்த பளபளப்பை அவர்கள் கண்டதும் முகம் சுளிப்பார்கள்.

வெங்காயமும் வெள்ளியும்

வெள்ளி இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை. காற்றில் கலந்துள்ள கந்தக வாயு அதன்மேல் பட்டுப்பட்டு மெல்லிய ஏடாகப் படிகிறது. பெரம்பலூர்ச் சீமையில் சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை. வெங்காயத்தின் காரத்துக்குக் காரணமே அதிலுள்ள கந்தகச் சத்துதான். குவித்து வைத்த வெங்காயம் வீட்டுக்குள் அழுகத் தொடங்கினால், அந்த வீட்டுக் கொலுசும் குங்குமச் சிமிழும் சீக்கிரம் கறுப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் எடுத்த எடுப்பில் கறுப்பு வந்துவிடாது. முதலில் தேன் நிறம். பிறகு செம்பு நிறம். அப்புறம் கத்தரிப்பூ நிறம், நீலம். கடைசியில்தான் கறுப்பு. மழைத் தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தினால் வானவில் போல நிறம் காட்டுகிறதே, அதே வித்தைதான் இதுவும். நிறம் காட்டும் அந்த ஏடு தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அமெரிக்காவில் துணிப் பைகளில் கட்டிப் பல ஆண்டுகள் கிடந்த வெள்ளி டாலர்கள் இப்படி நிறம் ஏறியிருந்தால் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம் ஊரில் அந்த மோகம் அவ்வளவு இல்லை. எனக்கும் வானவில்லைவிட, சாம்பல் பூத்த அமைதியான காசுதான் பிடிக்கும்.

இயற்கையா, பூச்சா?

விலை உண்டு என்றால் மோசடியும் உண்டு. துலக்கிக் கெடுத்த காசைக் கந்தகக் கரைசலில் முக்கியோ, நெருப்பில் வாட்டியோ மறுபடி நிறம் ஏற்றிவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு பூதக்கண்ணாடியும் காலை வெயிலும் போதும்.

இயற்கை நிறம் பெரும்பாலும் ஓரத்தில் அழுத்தமாகத் தொடங்கி, நடுவை நோக்கிப் படிப்படியாக வெளிறும். கைமாறிப் புழங்கிய காசானால் ராஜாவின் கன்னமும் தலைமுடியும் தேய்ந்து வெளுத்திருக்கும்; எழுத்துகளின் இடுக்குகளில் கறுப்பு தங்கியிருக்கும். மேடு பள்ளம் எல்லாம் ஒரே மாதிரி மை பூசியது போல இருந்தால் சந்தேகப்படுங்கள். தேய்ந்துபோன காசில் மயில்கழுத்து நிறம் மின்னினாலும் சந்தேகப்படுங்கள். புழங்காத காசை வெயிலில் சாய்த்துத் திருப்பினால், சக்கரத்தின் ஆரங்கள் போல ஒளி சுழலும். நிறம் ஏறியிருந்தாலும் அந்தச் சுழற்சி அடியிலே தெரியும். நிறத்துக்குக் கீழே ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடினால், யாரோ தேய்த்துவிட்டுப் பிறகு வேஷம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தேய்த்தால் பளபளப்பு மட்டுமல்ல, அடையாளமும் போகும். 1911-ல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், மன்னர் அணிந்த ஆரத்திலுள்ள யானை பன்றி போல இருக்கிறது என்று முஸ்லிம்கள் ஆட்சேபித்தார்கள். மறு ஆண்டே யானையைத் திருத்திவிட்டார்கள். அந்தச் சின்ன யானையில்தான் காசின் கதையே இருக்கிறது!

இன்னும் பழசு ஆற்காடு ரூபாய். 1751-ல் ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய காலத்தில் புழங்கிய இனம் அது. பாரசீக எழுத்துக்கு நடுவே பிறைக் குறி இருந்தால் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடித்தது. தாமரைக் குறி இருந்தால் சென்னையில் கம்பெனியார் அடித்தது. குறி மழுங்கினால் எந்த ஊர்க் காசு என்று எப்படிச் சொல்வது?

எடைக் கணக்கு

விற்கப் போகிறவர்கள் அடிமட்ட விலையையாவது தெரிந்துகொண்டு போக வேண்டும். பழைய ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். 1835 முதல் 1939 வரை வந்த ரூபாயில் 12-ல் 11 பங்கு வெள்ளி. அதாவது சுமார் 10.69 கிராம். 1940 முதல் 1945 வரை வந்ததில் எடை அதேதான். வெள்ளி மட்டும் பாதி. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள். அதற்குக் கீழே கேட்டால் காசை மடியில் முடிந்துகொண்டு திரும்பி விடலாம்.

பழைய ஆண்டு என்றாலே அதிக விலை என்பதும் தவறு. 1862 என்று பொறித்த ராணி ரூபாயை அதே ஆண்டு இலக்கத்தோடு 1874 வரை அடித்தார்கள்; ஆகவே ஏராளமாகக் கிடைக்கிறது. மாறாக 1939 அபூர்வம். அதனால் போலிகளும் அதிகம். ஆண்டு இலக்கத்தைச் சுற்றி மட்டும் நிறம் மாறியிருந்தால் வாங்காதீர்கள்.

வைத்திருப்பவர்கள் காசை ஓரத்தில் பிடித்து எடுங்கள். ரப்பர் வளையம் போட்டுக் கட்ட வேண்டாம். ரப்பரிலும் கந்தகம் உண்டு. காசின் குறுக்கே கறுப்புக் கோடு விழும். மலிவான பிளாஸ்டிக் உறையில் போட்டால் பச்சையாகப் பிசுபிசுக்கும்.

உழும்போதோ, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ காசு கிடைத்தால் சங்கதி வேறு. கங்கைகொண்ட சோழபுரம் இருக்கும் மாவட்டமாயிற்றே! 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைப் பற்றிக் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதுவரை மண்ணைக் கூடச் சுரண்டாமல், காகிதத்தில் மடித்து அப்படியே வைத்திருங்கள்.