தூசி பருத்தால் அலை தளரும்

கண்டனூரின் பெரிய செட்டிநாட்டு வீடுகளில், இருண்ட அறைக்குள் சன்னல் இடுக்கு வழியே வெயில் விழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த ஒளிக்கற்றையில் தூசி மிதக்கும். அத்தகைய நுண்தூசியைப் பிளாஸ்மாவில் தூவினால் என்ன ஆகும்?

எலெக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து திரியும் வாயுவே பிளாஸ்மா. டியூப் லைட்டினுள் ஒளிர்வதும் அதுவே. எலெக்ட்ரான்கள் மிக விரைவானவை. ஆகவே அவை தூசியில் முந்தி வந்து ஒட்டுகின்றன. ஒவ்வொரு துகளும் ஆயிரக்கணக்கான எலெக்ட்ரான்களைச் சுமந்து எதிர்மின்னூட்டம் பெறுகிறது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் அல்லவா? எனவே ஓரிடத்தில் தூசி நெருங்கினால், அந்த நெருக்கம் அலையாகப் பரவும்.

இந்திய அறிஞர்கள் என். என். ராவ், பி. கே. சுக்லா இருவரும் எம். ஒய். யூவுடன் சேர்ந்து 1990இல் இதைக் கணக்கிட்டுக் கூறினர். 1995இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அலையைக் கண்ணாலேயே கண்டனர். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். இந்த அலை சென்றதோ சுமார் 9 சென்டிமீட்டர்தான்!

சரி, துகளின் ஆரம் 4 மடங்கானால்? மின்னூட்டமும் ஏறக்குறைய 4 மடங்காகும். அலை விரையும் என்றுதானே நினைக்கிறீர்கள்? பொறுங்கள்! நிறை 4 × 4 × 4 = 64 மடங்காகிவிடுமே! அலையின் வேகம் மின்னூட்டத்துக்கு நேர்விகிதத்திலும், நிறையின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும். துகள்களின் எண்ணிக்கை முதலியன மாறாவிட்டால், 4 ÷ 8. அதாவது வேகம் பாதியாகும்.

கணிப்பொறிச் சில்லுகளைப் பிளாஸ்மாவில் செதுக்கும்போது தூசி படிந்தால் சில்லு பாழ். கண்ணுக்கெட்டாத அத்துகளைப் பற்றி அலையின் வேகமே துப்புக் கொடுக்கும்.

ஆரம் 9 மடங்கானால் வேகம் என்னவாகும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்!