கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவதற்கு முன்

பழைய பொருள் வாங்கி விற்கும் தளங்களில், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்களுக்கான சிபாப் மிஷினைத் தேடினால், 'கொஞ்ச நாள்தான் ஓட்டியது, புதுசு மாதிரி இருக்கும்' என்ற விளம்பரங்கள் வரிசை கட்டி வரும். விற்பவருக்குக் குறட்டையும் மூச்சடைப்பும் குணமாகிவிட்டன என்று நினைத்துவிட வேண்டாம். மாஸ்க் மூக்கை அறுத்திருக்கும், வாய் காய்ந்திருக்கும், வயிறு ஊதியிருக்கும். நடுராத்திரியில் கழற்றி எறிந்துவிட்டு, 'எனக்கு இது ஒத்துவராது' என்று முடிவு கட்டியிருப்பார். ஒத்துவராமல் போனது பெரும்பாலும் மாஸ்க்கின் அளவு, அல்லது மிஷினில் மாற்றாமல் விட்ட ஏதோ ஓர் அமைப்பு. அதைச் சரிசெய்து தர வேண்டிய கடமை விற்றவருக்கும் எழுதிக்கொடுத்த மருத்துவருக்கும் உண்டு. நோயாளி பொறுத்துக்கொண்டு பழக வேண்டிய விஷயமல்ல இது.

தூக்கத்தில் தொண்டையின் தசைகள் தளர்ந்து மூச்சுக்குழாயின் மேற்பகுதி மூடிக்கொள்வதுதான் இந்த நோய். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது அல்லது குறைகிறது என்பதை ஸ்லீப் ஸ்டடி அறிக்கையில் ஏ.எச்.ஐ. என்ற எண் சொல்லும். 5 முதல் 15 வரை லேசானது, 30-ஐத் தாண்டினால் தீவிரம். கவனிக்காமல் விட்டால் மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம், இதயத் துடிப்பில் கோளாறு, பக்கவாத அபாயம் எனத் தொடரும். பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண் அயர்வதும் இதனால்தான். 1980-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பிப் போட்டு, மூக்கு வழியே இடைவிடாமல் காற்றைச் செலுத்தி, மூடிக்கொள்ளும் தொண்டையைத் திறந்து வைத்தார். அன்றைய மாஸ்க்கை ஒவ்வோர் இரவும் முகத்தில் பசை போட்டு ஒட்ட வேண்டியிருந்தது. மோட்டார் அன்றே வேலை செய்துவிட்டது. அதன் பிறகு இத்தனை ஆண்டுகளாகப் பெரும் உழைப்பு போனது மாஸ்க்குக்குத்தான்.

நம் ஊரிலோ மிஷினின் பிராண்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். மாஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்து 'மீடியம் சைஸ் சார், எல்லாருக்கும் சரியா இருக்கும்' என்று கையில் கொடுத்துவிடுவார்கள். அப்படி எல்லாருக்கும் சரியாக இருக்கும் மாஸ்க் எதுவும் கிடையாது. மூன்று வகைகள் உண்டு. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் பில்லோ, மூக்கை மூடும் மாஸ்க், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ். மீசை, தாடி உள்ளவர்களுக்கு பில்லோ வகை பெரும்பாலும் நன்றாக ஒட்டும். ராத்திரியில் வாய் வழியாகத்தான் மூச்சு விடுகிறார் என்றால் ஃபுல் ஃபேஸ் தேவைப்படலாம். மூக்குத்தி போட்டிருப்பவர்கள் படுக்கும்போது அதைக் கழற்றிப் பாருங்கள். அந்தச் சின்னக் கல் போதும், விளிம்பைத் தூக்கிக் காற்றை வெளியே விட. பல்செட்டைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறவர், மாஸ்க்கைப் பொருத்திப் பார்க்கும்போதும் கழற்றியே இருக்க வேண்டும். பல்செட் இல்லாதபோது கன்னம் உள்ளே போய் முகத்தின் வடிவமே மாறிவிடும்.

பொருத்திப் பார்க்க வேண்டிய முறை இது: படுத்துக்கொண்டு, மிஷினை ஓடவிட்டு, காற்று வரும்போது பட்டையைச் சரிசெய்ய வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து காற்றே இல்லாமல் இறுக்கிக் கட்டினால், படுத்ததும் முகம் தளர்ந்து லீக் ஆகும். லீக் ஆகிறதே என்று இன்னும் இறுக்குவார்கள். அங்கேதான் மூக்குத் தண்டில் புண் வருகிறது. குஷனின் மெல்லிய விளிம்பு காற்றால் உப்பித்தான் முகத்தில் ஒட்டுகிறது. இறுக்கினால் அது நசுங்கி, லீக் கூடத்தான் செய்யும். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு இருந்தால் போதும். அப்படியும் மூக்குத் தண்டு சிவந்து தோல் உரிந்தால், அந்த அளவு உங்களுக்கானது அல்ல. மாற்றித் தரச் சொல்லுங்கள். காலையில் கண் உறுத்திச் சிவந்திருந்தால், மேல் விளிம்பிலிருந்து காற்று கண்ணுக்குள் போயிருக்கிறது என்று பொருள்.

தினமும் குஷனை மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். முகத்து எண்ணெய்ப்பசைதான் சிலிக்கானின் முதல் எதிரி. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, முகத்தில் க்ரீம் போட்டுக்கொண்டு படுத்தால் மாஸ்க் வழுக்கத்தான் செய்யும். முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

மூக்கு எரிகிறது, தொண்டை வறள்கிறது என்பது அடுத்த புகார். ஏசி அறையில் இது இன்னும் கூடும். காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரின் அளவை ஒரு படி ஏற்றிப் பாருங்கள். ஆனால் ஏற்றிக்கொண்டே போனால், ஏசியின் குளிர் பட்டு டியூபுக்குள் நீர்த்துளி சேரும், குளுகுளு என்று சத்தம் வரும், சில சமயம் மூக்கிலேயே தண்ணீர் தெறிக்கும். அப்போது ஏசியின் வெப்பநிலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள், அல்லது டியூபைப் போர்வைக்குள் விடுங்கள். சூடாகும் டியூப் கிடைத்தால் இன்னும் நல்லது. மிஷின் எப்போதும் தலையணையைவிடத் தாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டும். தொட்டியில் ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று பெட்ரோல் பங்கில் விற்பதை வாங்கிவராதீர்கள். நீங்கள் சுவாசிக்கப்போகும் ஈரம் அது. அவசரத்துக்குக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை ஓரிரு நாள் ஊற்றலாம்; உப்பு மட்டும் அடியில் படியும். நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றைக்கு ஊற்றும் பழக்கம் வேண்டாம்.

வாய் மட்டும் காய்ந்துபோனால் காரணம் வேறு. மூக்கில் போகும் காற்று, திறந்த வாய் வழியே வெளியேறுகிறது. வாயை டேப் போட்டு ஒட்டச் சொல்லும் வீடியோக்கள் இப்போது நிறைய உலவுகின்றன. மருத்துவரைக் கேட்காமல் அந்த வேலை வேண்டாம். வாந்தி வந்தாலோ மூக்கு அடைத்துக்கொண்டாலோ அது ஆபத்து. முதலில் மூக்கடைப்பைப் பாருங்கள். மூக்கு அடைத்திருப்பதால்தான் பலர் வாயைத் திறக்கிறார்கள். படுக்கும் முன் உப்புநீரால் மூக்கைக் கழுவலாம். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். ஒவ்வாமை இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஸ்ப்ரே தருவார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கொடுக்கும் சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்துகளைச் சில நாளுக்கு மேல் போட்டால், விட்டதும் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும். மூக்கடைப்பைக் கவனித்தும் வாய் காய்வது நிற்கவில்லை என்றால் தாடைப் பட்டையோ ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கோ வழி.

மிஷின் இழுப்பது உங்கள் அறையின் காற்றைத்தான். கொசுவர்த்திச் சுருளோ சாம்பிராணியோ புகைந்தால் அந்தப் புகையும் டியூபுக்குள் வரும். ஃபில்டரை மாதம் ஒருமுறையாவது எடுத்துப் பாருங்கள். சாலையோர வீடானால் அது கறுத்துப்போகும் வேகத்தைப் பார்த்து நீங்களே அசந்துபோவீர்கள்.

மூச்சை வெளியே விடவே முடியவில்லை, காற்று எதிர்த்துத் தள்ளுகிறது என்பவர்களுக்கு மிஷினுக்குள்ளேயே இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று ராம்ப்: குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, தூங்கும் நேரத்துக்குள் மெல்ல ஏறும். இன்னொன்று, மூச்சை விடும்போது மட்டும் அழுத்தத்தைச் சற்றே குறைக்கும் வசதி. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மூச்சு முட்டுகிறது என்று சொல்கிறவர்களில் சிலருக்கு அழுத்தம் அதிகமில்லை, குறைவு. சிபாப் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை வேலை செய்யும். ராம்ப் 4-ல் தொடங்கும்போது பெரிய உடம்புக்காரருக்குக் காற்றே போதாமல் திணறும். தொடக்கத்தை 6-க்கோ 7-க்கோ ஏற்றியதும் அந்தத் திணறல் போய்விடும். ஈரம், ராம்ப் போன்ற வசதி அமைப்புகளை வீட்டிலேயே மாற்றிப் பார்க்கலாம். சிகிச்சைக்கான அழுத்தத்தை மட்டும் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

காலையில் வயிறு உப்பி, ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்கியிருக்கிறீர்கள். இதைச் சொல்ல வெட்கப்பட்டே பலர் மிஷினை நிறுத்திவிடுகிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நல்ல இடைவெளி விட்டு, தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் அதற்கும் மருந்து வேண்டும். அதன் பிறகும் தொடர்ந்தால் மருத்துவர் அழுத்தத்தைக் குறைக்கலாம், தானே அளவை மாற்றிக்கொள்ளும் ஆட்டோ முறைக்கோ, மூச்சை இழுக்கவும் விடவும் இருவேறு அழுத்தம் தரும் பை-பாப்புக்கோ மாற்றலாம்.

மாஸ்க்கைப் போட்டாலே பயமாக இருக்கிறது, அடைத்துவைத்தது போலிருக்கிறது என்பவர்களிடம் வீட்டில் 'பயப்படாம போடுங்கப்பா' என்று சொல்வதில் பயனில்லை. பகலில் டிவி பார்க்கும்போது, பட்டையைக் கட்டாமல் கையால் மட்டும் மாஸ்க்கை முகத்தில் பிடித்துப் பழகட்டும். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்ற உறுதி கையில் இருக்கும். பிறகு பட்டையோடு, பிறகு காற்றோடு, பிறகு மதியக் குட்டித் தூக்கத்தில். ஒவ்வொரு படியிலும் சலிப்பு வரும்வரை இருக்கலாம், அவசரம் கிடையாது.

சில எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல வேண்டும். மாஸ்க்கின் முன்னால் உஸ் என்று காற்று போகும் சிறு துளைகள் லீக் அல்ல. நீங்கள் விடும் கரியமில வாயு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. சத்தம் கேட்கிறதே என்று அதில் பிளாஸ்டர் ஒட்டாதீர்கள். கரண்ட் போனால் மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் ஹியூமிடிஃபையரை அணைத்தால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். தானாக மாஸ்க்கைக் கழற்ற முடியாதவருக்கு ஃபுல் ஃபேஸ் மாட்டிவிட்டுத் தனியே விடக் கூடாது. காந்தக் கொக்கி உள்ள மாஸ்க்குகள் இப்போது வருகின்றன. பேஸ்மேக்கர் போன்ற கருவி உடம்பில் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி, காந்தம் இல்லாததை வாங்குங்கள். அந்த மாஸ்க்கைப் போடுகிறவர் பக்கத்தில் படுக்கும் கணவர் அல்லது மனைவிக்கு பேஸ்மேக்கர் இருந்தாலும் இதே கவனம் வேண்டும். ஓசோன் வாயுவால் சுத்தம் செய்து தருவதாக விற்கும் பெட்டிகள் தேவையில்லை. சோப்பும் தண்ணீரும் போதும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து காற்றோடு சேரக்கூடும் என்பதால் தன் சிபாப், பை-பாப் மிஷின்கள் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அந்தக் காலத்து மிஷின் மலிவாகக் கிடைக்கிறது என்றால், சீரியல் எண்ணைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இனி உரிமைகள். உங்கள் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்று 2002-ம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. ஸ்லீப் ஸ்டடியின் முழு அறிக்கையை, பரிந்துரைத்த அழுத்தத்தோடு கேட்டு வாங்குங்கள். அது கையில் இருந்தால் மிஷினை எந்தக் கடையிலும் வாங்கலாம். ஆஸ்பத்திரி காட்டும் ஒரே டீலரிடம்தான் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தர மறுப்பது நியாயமற்ற வணிகம். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. ஆனால் உங்கள் மூக்குக்குப் பொருந்தாத மாஸ்க், சட்டத்தின் கண்ணில் 'குறைபாடுள்ள பொருள்' ஆகிவிடாது. வழக்குப் போடும்போது இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் பணம் கட்டும் முன்பே பேசி, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்: குறிப்பிட்ட நாளுக்குள் மாஸ்க்கை வேறு அளவுக்கோ வகைக்கோ மாற்றித் தருவது, வீட்டுக்கு வந்து பொருத்திக் காட்டுவது, சீரியல் எண், வாரண்டி. எழுதித் தரத் தயங்கும் டீலரிடம் வாங்காமல் வந்துவிடுவதே மேல். வாடகைக்கு எடுத்துச் சில வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

வீட்டில் பயன்படுத்தும் மிஷினுக்குப் பெரும்பாலான மெடிக்ளைம் பாலிசிகள் பணம் தருவதில்லை. சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு சுகாதாரத் திட்டம்) அட்டை உள்ள மத்திய அரசு ஊழியர்களும் ஓய்வூதியர்களும், முன் அனுமதி வாங்கி, உச்சவரம்புக்குள் தொகையைத் திரும்பப் பெறலாம். வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் சிக்கல்தான்.

எழுதிக் கொடுத்ததை டீலர் காப்பாற்றவில்லை என்றால் முதலில் எழுத்தில் புகார் அனுப்புங்கள், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மிஷினே உடலுக்குத் தீங்கு செய்ததாக, அதாவது கருகிய வாடை, டியூபில் கறுப்புத் துகள், சூட்டுக் காயம் எனத் தெரிந்தால், உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் எல்லாமே சட்டப்படி மருந்துக் கட்டுப்பாட்டின் கீழ் வந்துவிட்டன. கருவிகளால் வரும் பாதிப்புகளைப் பதிவுசெய்ய 2015 முதல் தனித் திட்டமும் இருக்கிறது. காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதை நடத்துகிறது. மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியும் அதற்குப் புகார் எழுதலாம். புகார் முடியும்வரை பழுதான அந்த மிஷினையும் மாஸ்க்கையும் டீலர் கேட்டாலும் கொடுத்துவிடாமல், படமெடுத்துப் பத்திரமாக வைத்திருங்கள்.