வலியை மட்டும் பொறுக்காதீங்க!

‘எதிர்நீச்சல்’ மாரிமுத்துவின் வாழ்க்கை சொல்லும் பாடம் ஒன்று... அவருடைய மரணம் சொல்லும் பாடம் இன்னொன்று!

சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவில், அர்ச்சுனா நதி அணையை ஒட்டி இருக்கிறது ஆனைக்குட்டம். சுற்றுவட்டாரம் முழுக்கப் பட்டாசு ஆலைகள், தீப்பெட்டி ஆபீஸ்கள். காலையில் வேன் ஏறிப் போகிற பெண்கள், பொழுது சாய வீடு திரும்பி, கையில் ஒட்டின அலுமினியப் பவுடரைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவி, உலை வெச்சு, புள்ளைகளுக்குச் சோறு போட்டு, ‘அப்பாடா’ என்று உட்காரும்போது ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும்.

2022, 2023-ம் வருஷங்களில் அந்த ஒன்பதரை மணிக்கு இந்தப் பக்கத்துத் தெருக்களில் நடந்து போனால், வீட்டுக்கு வீடு ஒரே குரல்தான் கேட்கும்.

“ஏய்... இந்தாம்மா!”

அது ஆதி குணசேகரனின் குரல். சன் டி.வி.யின் ‘எதிர்நீச்சல்’ தொடரில் தம்பிகளை அதட்டி, வீட்டுப் பெண்களை அடக்கி, யார் பேச்சையும் கேட்காத மதுரைப் பக்கத்துப் பெரிய மனுஷன். திட்டிக்கொண்டே ரசித்தார்கள் நம் பெண்கள். ‘இவன் விளங்குவானா!’ என்று சாபம் விட்டுவிட்டு, மறுநாளும் அவருக்காகவே டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள்.

அந்தக் குரல் 2023 செப்டம்பர் 8-ம் தேதி காலை நின்றுபோனது. அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நெஞ்சு வலி. வெளியே வந்து, தானே காரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் நடிகர் மாரிமுத்து. காப்பாற்ற முடியவில்லை. 1967-ல் பிறந்தவர். ஐம்பத்தாறு என்பது சாகிற வயசா?

பொறுத்து ஜெயித்தவர்

மாரிமுத்து நம் பக்கத்து மாவட்டக்காரர். தேனி மாவட்டத்தில், வருசநாட்டுப் பகுதியில் உள்ள பசுமலைத்தேரிதான் சொந்த ஊர். சினிமாவில் டைரக்டர் ஆக வேண்டும் என்கிற ஒரே ஆசையில் 1990-ல் வீட்டை விட்டுக் கிளம்பிச் சென்னைக்கு வந்தவர். வந்தவுடன் யார் சான்ஸ் கொடுப்பார்கள்? ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். இலக்கிய ஆர்வம் அவரைக் கவிஞர் வைரமுத்துவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவருக்கு உதவியாளர் ஆனார்.

பிறகு ராஜ்கிரணின் ‘அரண்மனைக்கிளி’ (1993), ‘எல்லாமே என் ராசாதான்’ (1995) படங்களில் உதவி இயக்குநர். தொடர்ந்து மணிரத்னம், வசந்த், சீமான், எஸ்.ஜே.சூர்யா என்று வரிசையாகப் பல பேரிடம் வேலை. 2004-ல் வந்த சிலம்பரசனின் ‘மன்மத’னில் இணை இயக்குநர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1990-ல் சென்னைக்கு வந்தவர் ‘கண்ணும் கண்ணும்’ என்று தன் முதல் படத்தை இயக்கியது 2008-ல். பதினெட்டு வருஷம்! அடுத்த படம் ‘புலிவால்’ வர இன்னும் ஆறு வருஷம் ஆனது. வேறு ஆளாக இருந்தால் எப்போதோ ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார்.

நடிப்பு அவர் தேடிப் போனது இல்லை. அதுவாக வந்தது. மிஷ்கின் 2011-ல் ‘யுத்தம் செய்’ படத்தில் போலீஸ் அதிகாரியாக நடிக்க வைத்தார். அதன்பின் எத்தனையோ படங்களில் அப்பா, மாமா, ஊர்ப் பெரியவர், வில்லன். 2018-ல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் கதாநாயகியின் அப்பாவாக வந்து கடைசிக் காட்சியில் தலை குனிந்து நிற்பாரே... மறக்க முடியுமா? கத்திப் பேசாமலே கலங்க வைத்த நடிப்பு அது.

ஆனாலும், மாரிமுத்து என்ற பெயரைத் தமிழ்நாட்டின் கடைக்கோடிக் கிராமம் வரை கொண்டுபோனது சின்னத்திரைதான். 2022 பிப்ரவரியில் ‘எதிர்நீச்சல்’ ஆரம்பமானபோது அவருக்கு ஐம்பத்தைந்தை நெருங்குகிற வயசு. முப்பது வருஷத்துக்கும் மேலாகக் காத்திருந்த புகழ் ஒரே வருஷத்தில் வீடு தேடி வந்தது. ரஜினியின் ‘ஜெயிலர்’ 2023 ஆகஸ்ட் 10-ம் தேதி ரிலீஸ். அதிலும் மாரிமுத்து இருந்தார். அந்தப் படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார்.

‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால், பூமியை ஆளப் பொறுக்கலாம். நெஞ்சு வலியைப் பொறுக்கலாமா?

நடிப்பா... நிஜமா?

அவர் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு ஒளிபரப்பான ஒரு காட்சியில், குணசேகரன் தனக்கு நெஞ்சு வலிப்பதாகப் பேசுவார். அந்தத் துண்டுக் காட்சியை ஊரே செல்போனில் திரும்பத் திரும்பப் பார்த்து, ‘விதி முன்கூட்டியே சொல்லிருச்சு’ என்றது.

விதி சொன்னதோ இல்லையோ... உடம்பு சொல்லும். பெரும்பாலான மாரடைப்பு ஏதாவது ஒரு சைகை காட்டிவிட்டுத்தான் வருகிறது. சைகையைப் புரிந்துகொள்ளாதது நம் குற்றம். நம் வீடுகளில் நெஞ்சு வலித்தால் முதலில் என்ன சொல்வோம்?

‘வாய்வு புடிச்சிருக்கும்... ஒரு சோடா வாங்கிக் குடி.’

‘ஓமத் தண்ணி வெச்சுத் தாறேன், சரியாயிரும்.’

‘விடியட்டும், பார்த்துக்கலாம்.’

இப்படிச் சொல்லாத வீடு உண்டா? இங்கேதான் பட்டாசு ஊர்க்காரர்களுக்கு மட்டுமே புரிகிற ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆலையில் மருந்து லேசாகப் புகைந்தால் என்ன செய்வீர்கள்? ‘இந்தக் குரோஸை முடிச்சிட்டு எந்திரிக்கிறேன்’ என்பீர்களா? கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவீர்கள். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பதும், கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும் என்பதும் அதற்காகத்தானே! அங்கே ஒரு நொடி தாமதமும் உயிர் விஷயம்.

நெஞ்சு வலியும் அப்படித்தான். அது மருந்து அறையில் தெரிகிற முதல் புகை!

உள்ளே நடப்பது என்ன?

இதயம் ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிற பம்ப்செட். அது வேலை செய்ய அதற்கே ரத்தம் வேண்டும். அதைக் கொண்டு வருபவை கரோனரி என்கிற சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள். வருஷக்கணக்கில் இவற்றின் உட்சுவரில் கொழுப்பு படிகிறது. ஒருநாள் அந்தப் படிவில் வெடிப்பு விழ, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொள்கிறது. இதுதான் மாரடைப்பு.

அடைப்பு விழுந்த இருபது, முப்பது நிமிஷத்திலேயே இதயத் தசை சாக ஆரம்பிக்கிறது. செத்த தசை மறுபடி முளைக்காது. உறைந்த ரத்தத்தைக் கரைக்க ஊசி மருந்து இருக்கிறது. பலூன் வைத்து அடைப்பை நீக்கி, ஸ்டென்ட் பொருத்தும் ஆஞ்சியோபிளாஸ்டி இருக்கிறது. எதுவானாலும், சீக்கிரம் போனவர்களுக்குத்தான் முழுப் பலன். முதல் ஒரு மணி நேரத்தை டாக்டர்கள் ‘பொன்னான நேரம்’ என்று சொல்வது சும்மா இல்லை.

இன்னொரு ஆபத்து, அடைப்பு விழுந்த சில நிமிஷங்களிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி, திடீரென்று நின்றுவிடலாம். அதனால்தான் நெஞ்சு வலியோடு யாரும் தானே வண்டி ஓட்டக் கூடாது. கார் மட்டுமில்லை, டூவீலரும்தான். ஓட்டும்போது மயங்கினால் அவர் உயிரோடு எதிரே வருபவர் உயிரும் போகும். ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்கும், உதவிக்கு ஆள் இருக்கும். ஆம்புலன்ஸில் போயிருந்தால் மாரிமுத்து பிழைத்திருப்பார் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், அடுத்தவர்கள் தனியாக ஓட்டிக்கொண்டு போகாமல் இருக்க அவர் கதை உதவட்டும்.

இதெல்லாம் சைகை!

• நடு நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி அழுத்தம், இறுக்கம், எரிச்சல்.

• வலி இடது கை, தோள், கழுத்து, தாடை, முதுகு, மேல் வயிறு என்று பரவுவது. வலது கையிலும் வரலாம்.

• குப்பென்று வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது, குமட்டல், தலைச்சுற்றல்.

• நடந்தால் நெஞ்சு பிடிப்பது, நின்றால் விடுவது. சில நாட்களாக இப்படி இருந்தால், அதுவே முன்னறிவிப்பு.

பெண்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலி பெரிதாகத் தெரியாமலே மாரடைப்பு வரலாம். காரணமில்லாத அசதி, மூச்சுத் திணறல், குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி என்று வேறு வேஷத்தில் வரும். நாள் பூரா குனிந்து உட்கார்ந்து வேலை பார்த்த அலுப்பு என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

வலி வந்தால் என்ன செய்யணும்?

1. செய்கிற வேலையை உடனே நிறுத்துங்கள். உட்காருங்கள். மாடிப்படி ஏறுவதோ, நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போவதோ வேண்டாம்.

2. 108-க்குப் போன் போடுங்கள். அது வரத் தாமதமானால் வேறு யாராவது ஓட்ட, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள்.

3. இ.சி.ஜி. எடுக்கிற வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள். ஆனைக்குட்டம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு திசையில் சிவகாசி அரசு மருத்துவமனை, இன்னொரு திசையில் 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி.

4. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் நோக்கமே, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் முதல் டோஸை அங்கேயே கொடுத்து அனுப்புவதுதான். அல்சர், ரத்தக் கசிவு, அலர்ஜி உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம் என்பதால், அடுத்தவர் சொல்கேட்டு நீங்களாக விழுங்காதீர்கள்.

5. ஆள் மயங்கி விழுந்து மூச்சும் இல்லையென்றால், 108-க்குச் சொல்லிவிட்டு நடு நெஞ்சில் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

செலவுக்குப் பயந்து தாமதம் பண்ணுகிறவர்கள் நிறைய. அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதை ரேஷன் கார்டோடு சேர்த்து, கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு பீரோவைக் கலைத்துத் தேடுகிற நேரத்தில் தசை செத்துக்கொண்டிருக்கும்.

வருமுன் காக்க...

பீடி, சிகரெட், புகையிலை மூன்றையும் விடுவதுதான் முதல் வேலை. ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டக் கூடாது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு உப்பு ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் போதும். ஊறுகாய், கருவாடு, அப்பளம், கடைச் சேவு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் எச்சரிக்கை மணி. தினம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். நல்ல தூக்கம் அவசியம்.

முப்பது வயசு தாண்டினவர்கள் வருஷம் ஒரு தடவையாவது பிரஷர், சர்க்கரை பார்த்துவிட வேண்டும். மாத்திரை எழுதிக் கொடுத்தால், ‘இப்போ நல்லாத்தானே இருக்கேன்’ என்று பாதியில் நிறுத்தக் கூடாது. நல்லா இருப்பதே அந்த மாத்திரையால்தான்!

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குணசேகரன்

மாரிமுத்துவுக்குப் பிறகு அந்த வேஷத்தை எழுத்தாளர் வேல ராமமூர்த்தி ஏற்றார். தொடர் 2024 ஜூனில் முடிந்தது. டி.வி.யில் ஆளை மாற்றலாம். வீட்டில்?

நம் வீடுகளிலும் ஒரு குணசேகரன் இருப்பார். அப்பாவோ, புருஷனோ, அண்ணனோ... ‘எனக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கேன்! என்னைப் போய் டாக்டர்கிட்ட வான்னு கூப்பிடுறியா?’ என்று மீசையை முறுக்குவார். சத்தத்துக்குப் பயந்து நாமும் பேசாமல் இருந்துவிடுவோம். சில வீடுகளில் அந்தப் பிடிவாதம் அம்மாவுக்கே இருக்கும். ‘சம்பள நாள் வரட்டும், தீபாவளி சீசன் முடியட்டும்’ என்று தள்ளிப் போடுவார்.

அந்தத் தொடரில் ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று வீட்டுப் பெண்கள் ஒன்று சேர்ந்து குணசேகரனை எதிர்த்து நின்றார்களே... நீங்களும் நில்லுங்கள். இந்தத் தடவை அவரைத் தோற்கடிக்க அல்ல, பிழைக்க வைக்க. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுக்கக் கிளம்புகிறவரைத் திங்கட்கிழமை பிரஷர் பார்க்கக் கிளப்புங்கள். ‘ஏய்... இந்தாம்மா!’ என்று அவர் அதட்டினாலும் விடாதீர்கள்.

அதட்டுகிற குரல் வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுதானே நமக்கு வேண்டியது!