காத்திரு என்கிறார்கள், கணக்கு எங்கே?

"என்ன விலை?"

கோம்பைக் கடைத்தெருவிலே, பொழுது புலருமுன் காதில் விழும் கேள்வி இது. மேற்கே மலை. மலைக்கு அப்பால் ஏலத்தோட்டம். அந்தத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குச் செல்லும் தாய்மார்கள், தூக்குவாளியும் கையுமாக ஜீப்பிலே நெருக்கியடித்து அமர்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில், அந்தத் தெருவில், "என்ன விலை?" என்று ஒருவர் கேட்டால், ஏலக்காய் விலையைத்தான் கேட்கிறார் என்று பொருள்.

அண்மையில் நாம் அங்கு சென்றிருந்தபோது, தேநீர்க் கடையிலே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், கைப்பேசியைப் பார்த்தபடி முகம் வாடி நின்ற இளைஞரிடம் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"என்ன மாப்ள, என்ன விலை?"

"இன்னைக்கும் இறங்கிருச்சு மாமா."

"காயா?"

"காயில்ல மாமா, பங்கு."

பங்கு! அமெரிக்க நாட்டுச் சில்லு நிறுவனமொன்றின் பங்கு. வெளியூரில் வேலை பார்த்து, வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, தங்கையின் திருமணத்துக்கென்று சேர்த்த பணம் அதிலே போடப்பட்டிருக்கிறது. வாங்கிய விலையில் பாதிகூட இன்று இல்லை. விற்கலாமா? விற்றால் நட்டம் உறுதி. வைத்திருக்கலாமா? வைத்திருந்தால் உறக்கம் இல்லை. "பொறுத்திருங்கள், அடுத்த ஆண்டு பாருங்கள்" என்று நிறுவனத்தின் தலைமை சொல்லுகிறது. சென்ற ஆண்டும் அதையேதான் சொன்னது!

"கண்ணால பாக்காத காட்டுக்கு ஏன் மாப்ள குத்தகை குடுத்த?" என்றார் பெரியவர்.

கேலி என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! பெரியவரும் பட்டவர்தான். 2019 ஆகஸ்டில் ஏலக்காய், கிலோ 7000 ரூபாய் வரை ஏலம் போயிற்று. அந்த விலையைக் கண்டு குத்தகைக்குத் தோட்டம் எடுத்தவர் அவர். 2022-இலோ விலை ஆயிரத்துக்கும் கீழே சரிந்தது. ஏறும்போது எல்லோரும் அறிவாளிகள். இறங்கும்போது எல்லோரும் அநாதைகள். காய்க்கும் அதுதான் நியாயம், பங்குக்கும் அதுதான் நியாயம்.

ஆனால், இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. காய்க்கு நோய் வந்தால் கண்ணுக்குத் தெரியும். கம்பெனிக்கு நோய் வந்தால்? கணக்கிலேதான் தெரியும். அந்தக் கணக்கைக் கேட்கும் பழக்கம் நமக்கு உண்டா? அதைத்தான் இன்று பேச விழைகிறோம்.

வரைகலைச் சில்லு என்பார்கள். திரையிலே படத்தைத் தீட்டிக் காட்டும் வேலையைச் செய்வது அது. விளையாட்டுப் பொருளென்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டது. இன்று செயற்கை அறிவுக்கே அதுதான் உழைப்பாளி. அந்தத் தொழிலிலே இரண்டு நிறுவனங்களின் கதையைக் கேளுங்கள்.

ஒன்று, த்ரீ-டி-எஃப்-எக்ஸ். 1996-இல் 'வூடூ' என்ற சில்லோடு சந்தைக்கு வந்தது. போட்டியாளர் பொறாமைப்படும்படி வளர்ந்தது. பிறகு, பலகை செய்யும் நிறுவனமொன்றை வாங்கி, சில்லையும் நாமே செய்வோம், பலகையையும் நாமே விற்போம் என்று கிளம்பிற்று. அதுவரை இந்தச் சில்லை வாங்கிப் பலகை செய்து வந்தவர்கள் என்ன செய்வார்கள்? போட்டியாளரான என்விடியாவிடம் போனார்கள். புதிய சரக்கும் காலத்தில் வரவில்லை. 2000 டிசம்பரில், அந்த என்விடியாவுக்கே தன் சொத்துகளை விற்க இசைந்தது. 2002 அக்டோபரில் திவால் மனு! காத்திருந்த பங்குதாரர் கண்டது என்ன? கானல் நீர்.

மற்றொன்று, ஏ.எம்.டி. 1969-இல் தோன்றியது. 2006 தொடக்கத்தில் அதன் பங்கு 40 டாலரைத் தொட்டது. அந்த ஆண்டே, ஏ.டி.ஐ. என்ற கனடா நாட்டு வரைகலைச் சில்லு நிறுவனத்தை ஏறத்தாழ 540 கோடி டாலருக்கு வாங்கியது. கடன் ஏறிற்று, களிப்பு மாறிற்று. கொடுத்த விலையின் பெரும்பகுதியைக் கணக்கிலே கழித்து எழுத வேண்டியதாயிற்று. 2008-இல் பங்கு 2 டாலருக்கும் கீழே. பிறகு சற்றே ஏறி, 2015-இல் மீண்டும் 2 டாலருக்கும் கீழே! "இதுவும் போயிற்று" என்றனர் பலர்.

போகவில்லை! 2014-இல் தலைமை ஏற்ற லிசா சூ அம்மையார் காலத்தில் நிறுவனம் நிமிர்ந்தது. 2017-இல் 'ரைசன்' சில்லு வந்தது. 2021-இல் பங்கு 100 டாலரைத் தாண்டியது.

"பார்த்தீர்களா, பொறுத்தவர் பூமி ஆள்வார்!" என்று தரகர்கள் இந்தக் கதையைத்தான் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். முழுக் கதையையும் சொல்லுகிறார்களா? 2006-இல் 40 டாலர் கொடுத்தவர், அந்த 40 டாலரை மீண்டும் பார்க்க 2019 நவம்பர் வரை காத்திருந்தார். 13 ஆண்டுகளுக்கு மேல்! இடையிலே ஈவுத்தொகை ஒரு காசும் இல்லை. 13 ஆண்டு என்றால், தோழர்களே, தங்கையின் திருமணம் நிற்குமா? தந்தையின் மருத்துவம் காத்திருக்குமா?

2000-இல் த்ரீ-டி-எஃப்-எக்ஸ் பங்கை வைத்திருந்தவரும், 2015-இல் ஏ.எம்.டி. பங்கை வைத்திருந்தவரும் ஒரே மாதிரிதான் கலங்கினார்கள். ஒரே மாதிரிதான் "காத்திரு" என்ற சொல்லைக் கேட்டார்கள். ஒருவருக்கு அது மருந்தாயிற்று. மற்றவருக்கு அது நஞ்சாயிற்று. விலையைப் பார்த்து வேறுபாடு கண்டிருக்க முடியுமா? முடியாது. வேலையைப் பார்த்திருந்தால், ஓரளவு கண்டிருக்கலாம்.

ஏ.எம்.டி. வீழ்ந்து கிடந்த நாளில் என்ன செய்தது? பெருஞ்செலவு வைத்த ஆலைகளை 2009-இல் தனியே பிரித்தது. 2013-இல், ஆஸ்டினில் தான் குடியிருந்த கட்டடங்களையே விற்று, அங்கேயே வாடகைக்கு இருந்தது. அதே ஆண்டு, சோனியும் மைக்ரோசாஃப்டும் கொண்டுவந்த விளையாட்டுப் பெட்டிகளுக்குச் சில்லு கொடுத்து வருவாய்க்கு வழி தேடிக்கொண்டது. இவை யாவும் அறிக்கையிலே அச்சாகி வந்தவை. அப்போதும் வெற்றி உறுதியா என்றால், இல்லை! ஆனால், உயிருக்குப் போராடுகிறவனுக்கும், உறங்கிக் கிடப்பவனுக்கும் வேறுபாடு தெரிந்தது.

"அமெரிக்கக் கதை நமக்கெதற்கு?" என்பீரானால், நம் நாட்டுக்கே வாருங்கள்.

ஐதராபாத்தின் சத்யம் நிறுவனம். 2008 டிசம்பரில், தலைவரின் குடும்பத்தார் நடத்திய மேட்டாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. இயக்குநர் குழு தலையாட்டிற்று. பங்குதாரர் தலையாட்டவில்லை! "யார் பணத்தை எடுத்து யாருக்குக் கொடுக்கிறீர்?" என்று கொதித்தெழுந்தனர். ஒரே நாளுக்குள் அந்த முடிவு கைவிடப்பட்டது. மூன்றே வாரத்தில், 2009 ஜனவரி 7-இல், கணக்குகள் பொய் என்று தலைவரே கடிதம் எழுதினார். அன்று ஒரே நாளில் பங்கு விலையில் முக்கால் பாகத்துக்கு மேல் கரைந்தது. தணிக்கையாளர் ஆண்டுக்கணக்கில் கேட்காத கேள்வியைப் பங்குதாரர் ஒரே இரவில் கேட்டனர், பொய்மூட்டை அவிழ்ந்தது. முன்பே கேட்டிருந்தால்? இழப்பு குறைந்திருக்கும்!

ஆகவேதான் சொல்லுகிறோம்: பங்குதாரரின் சினம் பாவமல்ல. ஆனால் அந்தச் சினம், சந்தையின் மீது மண்ணை வாரித் தூற்றுவதிலே செலவாகிவிடக் கூடாது. கையிலே எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது? கடன் எந்த நாளில் கழுத்தைப் பிடிக்கும்? சொன்ன சரக்கு சொன்ன நாளில் வந்ததா? புதுப் பங்கு வெளியிட்டு, நம் பாகத்தை நீர்த்துப் போகச் செய்கிறார்களா? இந்த நான்கு கேள்விக்கும் விடை காலாண்டு அறிக்கையிலே உண்டு. படிக்கக் காசு கேட்பதில்லை.

இந்திய நிறுவனமானால் உரிமையும் உண்டு. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், பட்டியலிட்ட நிறுவனங்களில் வீட்டிலிருந்தே மின்னணு முறையில் வாக்களிக்க வழி செய்திருக்கிறது. நூறு பங்குதாரர் சேர்ந்தால் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் படியேறலாம். செபியின் 'ஸ்கோர்ஸ்' தளத்தில் முறையிடலாம். நம் இளைஞரைப் போல் வெளிநாட்டுப் பங்கு வாங்கியவருக்கோ, இந்தச் சட்டங்கள் காவல் நிற்கமாட்டா. எட்டாத தொலைவிலே பணத்தை வைப்பவர், இரண்டு மடங்கு விழிப்போடிருக்க வேண்டாமா?

இன்னொரு படுகுழியும் உண்டு. "விலை இறங்கிவிட்டது, இன்னும் வாங்கினால் சராசரி குறையும்" என்று தொடங்கி, "போனதை ஒரே நாளில் பிடித்துவிடுகிறேன்" என்று ஊகப் பேரத்திலே இறங்குகிறார்கள். பிடித்தார்களா? 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு சொல்லுகிறது: மூன்று நிதியாண்டுகளில், அந்தப் பேரத்தில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் இழந்தவர்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்! பெயரிலே 'சில்லு' இருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிற கூட்டமும் உண்டு. பம்பாய்ச் சந்தையில் ஒரு சிறு நிறுவனத்தின் பங்கு, 2025 டிசம்பருக்குள் ஏறத்தாழ 20 மாதங்களில் 500 மடங்குக்கு மேல் ஏறிற்று. சில்லு செய்யவே தொடங்கவில்லை என்று அந்த நிறுவனமே அறிவித்த வேடிக்கையை என்னென்பது!

காத்திருப்பதையே நாம் பழிக்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கே காத்திருப்பின் பயன்தான். 1887-இல் தொடங்கிய முல்லைப் பெரியாறு அணை, 1895-இல்தான் நிறைவுற்றது. இடையிலே வெள்ளம் கட்டுமானத்தை அடித்துச் சென்றதும் உண்டு. ஆனாலும் அங்கே காத்திருந்தவர் கண்ணெதிரே கல்மீது கல் ஏறிற்று. அது நம்பிக்கை. கல்லும் ஏறாமல், கணக்கும் வராமல், "பொறு, பொறு" என்ற குரல் மட்டும் வருமானால், அது ஏமாற்று.

நாம் புறப்படும்போது அந்த இளைஞர் கேட்டார்: "நான் விக்கவா, வச்சிருக்கவா?"

அதை நாம் சொல்ல முடியாது. சொல்லுகிறவரை நம்பவும் வேண்டாம். "தங்கை திருமணத்துக்கு வேண்டிய பணத்தை முதலில் வெளியே எடுத்துவிடு தம்பி; நட்டமானாலும் எடு. மிச்சத்தை வைத்திருப்பதானால், அறிக்கையைப் படித்துவிட்டு வைத்திரு" என்று மட்டும் சொன்னோம்.

பெரியவர் தலையசைத்தார். கடை வாசலிலே கோம்பை நாய் ஒன்று, போகிறவர் வருகிறவரைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது. ஊரின் பெயரை உலகறியச் செய்த இனம். சோறு போட்டவரைத் தவிர வேறு யாருக்கும் வாலாட்டாது, அயலான் அடியெடுத்து வைத்தால் "யார் நீ?" என்று கேட்காமல் விடாது.

வேர்வை சிந்திச் சேர்த்த காசுக்கும், அப்படியொரு காவல் வேண்டும் தோழர்களே!