மேகக் கணினிக்கு அச்சு அமைக்கும் முறை

கணினி என்றவுடன் மேசைமீது வைக்கப்பட்டுள்ள ஒரு பெட்டியே பலருடைய நினைவுக்கு வருகிறது. ஆயினும், இன்று வருமானச் சான்றிதழையோ, பள்ளித் தேர்வின் முடிவையோ மக்களுக்கு வழங்கும் கணினிகளுள் பல, கையால் தொட்டுக் காட்டக்கூடிய பெட்டிகள் அல்ல. அவை மெய்நிகர் கணினிகள் எனப்படும். ஆற்றல் மிக்க ஒரு பெரிய கணினியின் நினைவகமும் கணிக்கும் திறனும், அதற்கெனச் செய்யப்பட்ட மென்பொருளால் பல பங்குகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பங்கும் தனித்த கணினியைப் போன்றே இயங்குகிறது. தேவைப்படும்போது சில நிமிடங்களில் இதனைத் தோற்றுவிக்கலாம். தேவை தீர்ந்தபின் அழித்துவிடலாம். தொலைவிலுள்ள ஒரு தரவு மையத்திலிருந்து இத்தகைய கணினிகளை வேண்டிய அளவுக்குப் பெற்றுப் பயன்படுத்தும் ஏற்பாடே மேகக் கணிமை ஆகும்.

நம் நாட்டில் 1976ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசியத் தகவலியல் மையம், மேகராஜ் என்னும் திட்டத்தின்கீழ் 2014ஆம் ஆண்டில் அரசுத் துறைகளுக்கான தேசிய மேகச் சேவையைத் தொடங்கியது. தில்லி, புணே, ஐதராபாத், புவனேசுவரம் ஆகிய நகரங்களில் இம்மையத்தின் தேசியத் தரவு மையங்கள் உள்ளன. தனியார் துறையில், அமேசான் நிறுவனம் 2016ஆம் ஆண்டில் மும்பை வட்டாரத்தையும், 2022ஆம் ஆண்டில் ஐதராபாத் வட்டாரத்தையும் திறந்தது. சித்தூர் மாவட்டத்துக் கங்காதர நெல்லூரில் ஒரு மாணவன் தன் கைப்பேசியில் தேர்வு முடிவைத் தேடும்போது, அவனுக்கு விடையளிக்கும் கணினி இத்தகைய தொலைதூர மையம் ஒன்றில் ஒரு மணி நேரத்திற்குமுன் பிறந்ததாகவும் இருக்கலாம்.

படிமம் என்பது யாது?

புதிதாகப் பிறக்கும் மெய்நிகர் கணினியின் வட்டில் தானாக எதுவும் இருப்பதில்லை. இயங்குதளம், வேண்டிய மென்பொருள்கள், அமைப்புகள் ஆகிய யாவும் முன்னரே ஆயத்தம் செய்யப்பட்ட ஒரு வட்டின் நகலிலிருந்து அதற்கு வந்து சேர்கின்றன. இந்த மூல வட்டுக்குப் படிமம் என்று பெயர். ஒரே படிமத்திலிருந்து பத்துக் கணினிகளையும் எழுப்பலாம். ஆயிரம் கணினிகளையும் எழுப்பலாம்.

கரும்பு விளையும் சித்தூர் மாவட்டத்தினருக்கு இதனை விளக்குதல் எளிது. வெல்லப் பாகு ஊற்றப்படும் அச்சின் வடிவமே ஒவ்வோர் வெல்லக் கட்டிக்கும் அமைகிறது. அச்சில் ஒரு கீறல் இருப்பின், அதிலிருந்து வெளிவரும் எல்லாக் கட்டிகளிலும் அக்கீறல் காணப்படும். கட்டிகளை ஒவ்வொன்றாகச் செதுக்கிச் சரிசெய்வது வீண் உழைப்பு. அச்சையே திருத்த வேண்டும்.

ஒரே அச்சில் பல உருவங்களைப் பெறும் முறையின் பயனை வேறொரு நிலையிலும் காணலாம். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி மாவட்டம் உருவாயிற்று. கங்காதர நெல்லூர் சித்தூரிலேயே நீடித்தது. இவ்விரு மாவட்டங்களின் அரசு இணையத் தளங்களும், தேசியத் தகவலியல் மையம் வகுத்த எஸ்-3-வாஸ் என்னும் பொதுச் சட்டகத்தில் அமைந்தவை. புதிய மாவட்டத்திற்கு ஒரு தளத்தை அடியிலிருந்து கட்ட வேண்டிய தேவை இல்லை. பக்கத்தின் அமைப்புக்குச் சட்டகம் எவ்வாறோ, அப்பக்கத்தைத் தாங்கும் கணினிக்குப் படிமம் அவ்வாறு ஆகும்.

கையால் செய்வதிலுள்ள குறை

படிமத்தைக் கையாலும் செய்யலாம். ஒரு மெய்நிகர் கணினியை எழுப்பி, அதனுள் நுழைந்து, மென்பொருள்களை ஒவ்வொன்றாக நிறுவி, முடிவில் அதன் வட்டை நகலெடுத்தால் போதுமானது. பல அலுவலகங்களில் தொடக்கத்தில் இம்முறையே கையாளப்படுகிறது. ஆனால், என்ன செய்யப்பட்டது என்பது செய்தவரின் நினைவில் மட்டுமே தங்கிவிடுகிறது. அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின், அவருக்கு அடுத்து வருபவர் அப்படிமத்தை மாற்றவும் அஞ்சுகிறார், நீக்கவும் அஞ்சுகிறார். பாகின் பதத்தைத் தம் கண்ணாலேயே அறியும் முதியவர் ஊரை விட்டு நீங்கினால், கொப்பரையைச் சுற்றி நிற்போர் திகைப்பது போன்றதே இந்நிலை.

ஆகவே, படிமத்தைப் பாதுகாப்பதைக் காட்டிலும், அப்படிமம் செய்யப்படும் முறையை எழுத்தில் பாதுகாப்பதே முதன்மையானது. எழுதிய முறையைப் படித்து, அதன்படியே படிமத்தைத் தானாகச் செய்து முடிக்கும் கருவிகள் இதற்காகத் தோன்றின. அவற்றுள் பரவலாக அறியப்பட்டது பேக்கர் என்பதாகும். ஹாஷிகார்ப் நிறுவனம் இதனை 2013ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இதன் உரிம விதிகள் மாற்றப்பட்டன. அலுவலகங்கள் தம் சொந்தப் பணிக்கு இதனைப் பயன்படுத்தத் தடையில்லை. அந்நிறுவனத்தின் விற்பனைக்குப் போட்டியான சேவையாக இதனைப் பிறருக்கு அளிப்பதற்கே கட்டுப்பாடு உண்டு.

செய்முறைக் கோப்பின் பகுதிகள்

பேக்கர் படிக்கும் செய்முறைக் கோப்பு சாதாரண எழுத்துக் கோப்பே ஆகும். அதில் மூன்று முக்கியப் பகுதிகள் உள்ளன.

முதலாவது, மூலப் பகுதி. எந்த மேகச் சேவையில், எந்த வட்டாரத்தில், எவ்வளவு பெரிய கணினியில், எந்த அடிப்படைப் படிமத்தின்மேல் வேலை தொடங்க வேண்டும் என்பது இதில் கூறப்படும். கணினியினுள் நுழைவதற்குரிய பயனர் பெயரும், புதிய படிமத்திற்கு இடப்படும் பெயரும் இதிலேயே இடம்பெறும். பெயருடன் நாளையும் நேரத்தையும் சேர்த்தல் நலம். ஒரே பெயரில் இரண்டாவது படிமம் செய்ய முயன்றால், பேக்கர் வேலையைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடும்.

இரண்டாவது, ஆயத்தப் பகுதி. மென்பொருள்களை நிறுவுதல், கோப்புகளை உரிய இடத்தில் வைத்தல், தேவையற்றவற்றை நீக்குதல் ஆகிய கட்டளைகள் இதில் வரிசையாக எழுதப்படும்.

மூன்றாவது, பின்பகுதி. படிமம் முடிந்தபின் செய்ய வேண்டியவற்றை இது குறிக்கும். உருவான படிமத்தின் அடையாள எண்ணை ஒரு பட்டியல் கோப்பில் பதிவு செய்தல் இதற்கு எடுத்துக்காட்டாகும்.

இக்கோப்பை எழுதியபின் நான்கு கட்டளைகள் முறையே வழங்கப்படுகின்றன. 'இனிட்' என்பது வேண்டிய துணைக்கருவிகளைத் தருவிக்கிறது. 'ஃபார்மட்' என்பதன் சுருக்கமான இரண்டாவது கட்டளை எழுத்தமைப்பை ஒழுங்குபடுத்துகிறது. 'வேலிடேட்' என்பது கோப்பு முறைப்படி எழுதப்பட்டுள்ளதா என்று சோதிக்கிறது. 'பில்டு' என்பது படிமத்தைச் செய்கிறது. மூன்றாவது சோதனையில் தேறியதால் மட்டும் வேலை செவ்வனே முடியும் என்று கருதலாகாது. இலக்கணப் பிழையற்ற வாக்கியம் பொருட்பிழை உடையதாக இருக்கக்கூடும் அன்றோ?

கருவி இயங்கும் விதம்

இறுதிக் கட்டளை இடப்பட்டதும், பேக்கர் தற்காலிகமான ஒரு சாவி இணையை உண்டாக்கி, தற்காலிகமான ஒரு மெய்நிகர் கணினியை எழுப்புகிறது. அச்சாவியால் அதனுள் நுழைந்து, ஆயத்தப் பகுதியிலுள்ள கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றுகிறது. பின்னர்க் கணினியை நிறுத்தி, அதன் வட்டை நகலெடுத்துப் படிமமாகப் பதிவு செய்கிறது. கடைசியாகத் தற்காலிகக் கணினியையும் சாவியையும் அழித்துவிடுகிறது. இடையில் ஒரு கட்டளை தவறினாலும் படிமம் உருவாவதில்லை. அரைகுறையான படிமம் வெளிச்செல்லாமல் தடுக்கும் இவ்வியல்பு மிகவும் பயனுடையது.

கவனிக்க வேண்டியவை

புதிதாகப் பழகுவோர் சில இடங்களில் இடறுவதுண்டு.

புதிய கணினி எழுந்தவுடன் தன் தொடக்க வேலைகளைத் தானே செய்யத் தொடங்குகிறது. அவை முடியுமுன் மென்பொருள் நிறுவும் கட்டளை ஓடினால், ஒரு நாள் வெற்றியும் மறுநாள் தோல்வியும் நேரும். ஆகையால், தொடக்க வேலை முடியும்வரை காத்திருக்கும்படி முதற் கட்டளையிலேயே எழுத வேண்டும்.

கோப்புகளை அனுப்பும்போது பேக்கர் சாதாரணப் பயனராகவே நுழைகிறது. அமைப்புக் கோப்பகத்தில் நேரடியாக எழுத அப்பயனருக்கு அதிகாரம் இல்லை. கோப்பை முதலில் தற்காலிகக் கோப்பகத்தில் இறக்கி, பின்னர் நிர்வாகியின் அதிகாரத்துடன் உரிய இடத்திற்கு மாற்றுதல் வேண்டும்.

அமேசான் சேவையில் படிமத்தின் அடையாள எண் ஒரு வட்டாரத்திற்கே உரியது. மும்பையில் செய்த படிமம் ஐதராபாத்திலும் வேண்டுமாயின், அங்கும் நகல் செய்யும்படி மூலப் பகுதியில் குறிப்பிட வேண்டும். பழைய படிமங்களின் நகல்களுக்கும் சேமிப்புக் கட்டணம் உண்டாதலால், அவற்றைக் காலந்தோறும் நீக்குதலும் கடமையாகும்.

அடிப்படைப் படிமத்தைப் பெயரால் மட்டும் தேடுதல் ஆபத்தானது. எவரும் ஒத்த பெயருடைய படிமத்தைப் பொதுவில் வெளியிடக்கூடும். உரிமையாளரைக் குறிப்பிடாமல் மிகப் புதிய படிமத்தைத் தேடும் நிரல்களை இவ்வழியில் ஏமாற்ற இயலும் என்பதை, டேட்டாடாக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் எடுத்துக்காட்டினர். அமேசான் சேவைக்கான பேக்கர் துணைக்கருவி, படிமத்தைத் தேடும் இடத்தில் உரிமையாளரின் பெயரைக் கேட்பது இக்காரணம் பற்றியே ஆகும்.

அனைத்தினும் முக்கியமானது, இரகசியங்களைப் பற்றிய எச்சரிக்கை. கடவுச்சொல்லைச் செய்முறைக் கோப்பில் எழுதலாகாது. இயக்கும் நேரத்தில் வெளியிலிருந்து மாறியாக வழங்க வேண்டும். படிமத்தை மூடுமுன், உள்நுழையும் சாவிகள், கணினியின் தனி அடையாள எண், கட்டளை வரலாறு ஆகியவற்றை அழித்துவிட வேண்டும். இல்லையேல் அப்படிமத்திலிருந்து பிறக்கும் எல்லாக் கணினிகளும் ஒரே சாவியையும் ஒரே அடையாளத்தையும் தாங்கி நிற்கும். ஒரு தெருவிலுள்ள எல்லா வீடுகளுக்கும் ஒரே திறவுகோல் இருப்பதற்கு இது நிகராகும்.

ஒரு படிப்பினை

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், ஓப்பன்-எஸ்.எஸ்.எல். என்னும் மறைகுறியாக்க மென்பொருளில் ஹார்ட்பிளீட் எனப் பெயரிடப்பட்ட குறை பகிரங்கமாயிற்று. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த பதிப்பிலேயே புகுந்திருந்த இக்குறையால், கணினியின் நினைவகத்திலுள்ள இரகசியங்களை வெளியார் சிறிது சிறிதாகப் படித்துவிட இயன்றது. உலகெங்கும் நிர்வாகிகள் தம் கணினிகளில் திருத்திய பதிப்பை விரைந்து நிறுவினர். சாவிகளையும் மாற்ற வேண்டியதாயிற்று.

இத்தகைய வேளையில், ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளைத் திருத்துவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. படிமம் பழையதாகவே இருப்பின், மறுநாள் நெரிசல் மிகுந்து புதிய கணினிகள் எழுப்பப்படும்போது, அதே குறை அவற்றுடன் மீண்டும் பிறந்துவிடும். தேர்வு முடிவு வெளியாகும் நாளன்று இருபது கணினிகளுள் ஐந்து மட்டும் பழைய குறையுடன் இருந்தால், எந்த மாணவனின் விவரம் எக்கணினியின் வழியாகச் சென்றது என்று கண்டறிவதும் கடினமாகும். செய்முறைக் கோப்பு கையிலிருந்தால், அதனைத் திருத்தி, புதிய படிமத்தை வார்த்து, பழைய கணினிகளை நீக்கிப் புதியவற்றை எழுப்பலாம். குறை வெளிப்படும்வரை காத்திராமல், குறித்த கால இடைவெளியில் படிமத்தைப் புதுப்பித்து வருவதே சிறந்த வழக்கம்.

பள்ளியில் செய்து காட்டல்

இதனைக் கற்பிக்க மேகச் சேவைக்குக் கட்டணம் செலுத்த வேண்டிய அவசியமில்லை. வர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளைப் பள்ளிக் கணினியில் நிறுவினால், பேக்கர் அங்கேயே படிமம் செய்யும். டெபியன் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு, உள்ளூரின் மழையளவு அட்டவணையைக் காட்டும் சிறிய இணையப் பக்கம் ஒன்றைத் தாங்கும் படிமத்தை மாணவர்கள் செய்யலாம்.

கணினி வசதி குறைந்த பள்ளிகளில் காகிதமும் எழுதுகோலும் போதும். ஒரு மாணவன், பழக்கமான ஒரு வேலையைச் செய்யும் முறையை முழுவதும் எழுத வேண்டும். மற்றொருவன் எதையும் கேளாமல், எழுதியதை மட்டும் பின்பற்றி அவ்வேலையைச் செய்ய வேண்டும். அவன் தயங்கி நிற்கும் இடமே முன்னவன் எழுதாது விட்ட படியாகும். அப்படியை எழுத்தில் சேர்த்து, மீண்டும் முதலிலிருந்து செய்யச் சொல்ல வேண்டும்.

அலுவலகப் பணியாளர்களும் தம் பொறுப்பிலுள்ள படிமங்களை இவ்வாறே சோதிக்கலாம். இன்று ஓடும் கணினிகள் அனைத்தையும் அழித்துவிட்டால், எழுதி வைத்த கோப்பைக் கொண்டு மட்டும் அவற்றை மீண்டும் எழுப்ப இயலுமா? ஆம் எனில், பொறுப்பிலுள்ளவர் மாறினும் சேவை நிற்காது. இல்லை எனில், அச்செய்முறையை எழுதும் வேலையை இன்றே தொடங்குதல் வேண்டும்.