நல்கையும் ஆவணப் பாதுகாப்பும்: பிரித்தானிய நூலகத் திட்டம் ஒன்றன் நெறிமுறைகள்

நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் வழங்கப்பெறும் நல்கைகளை நாம் பெரும்பாலும் தொகையைக் கொண்டே மதிப்பிடுகிறோம். தொகையினும் நெறிமுறைகளே முதன்மையானவை என்பதற்கு, பிரித்தானிய நூலகம் ஆர்க்கேடியா அறநிதியின் கொடையால் 2004ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் ‘அழிநிலை ஆவணங்கள் திட்டம்’ தக்க சான்றாகும்.

இதன் நெறிமுறைகளுள் மூன்று நம் கவனத்திற்குரியன. முதலாவது, மூல ஆவணம் தான் தோன்றிய நாட்டை விட்டு வெளியேறுதல் கூடாது. மின்படிகளே இலண்டனைச் சேரும். அப்படிகள் உள்நாட்டு நிறுவனத்திலும் வைக்கப்பெறும். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் நம் சுவடிகள் கடல் கடந்து சென்றதை எண்ணுவோர்க்கு இவ்விதியின் அருமை விளங்கும். இரண்டாவது, உள்ளூர்ப் பணியாளர்க்குப் பயிற்சி அளிக்கப்பெறுவதால் பணி முடிந்த பின்னும் திறன் அங்கேயே தங்குகிறது. மூன்றாவது, எவ்வாவணங்கள் எங்கே, எந்நிலையில் உள்ளன எனக் கண்டறியும் முன்னாய்வுக்கும் தனி நல்கை உண்டு.

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்திட்டத்தின் நல்கையைப் பெற்ற நிறுவனங்களுள் ஒன்று. கோட்டையூரில் தனியொருவர் பல்லாண்டுகள் திரட்டிய நூல்களே அந்நூலகத்தின் அடித்தளம் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

மலேசியச் சூழலுக்கு மூன்றாம் நெறியே மிகவும் பொருந்துவது. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019இல் நின்றுபோயிற்று. அத்தகைய இதழ்கள், பள்ளிப் பதிவேடுகள், ஆண்டு மலர்கள் ஆகியவற்றுள் எஞ்சியவை எவை என்பதை அறியாமல் எந்த விண்ணப்பத்தையும் எழுத இயலாது. ஆதலின் தமிழாசிரியர்கள் தத்தம் பள்ளியில் உள்ளவற்றை ஆண்டு வாரியாகப் பட்டியலிடுதல் முதற்பணியாகும். அப்பணிக்கு நல்கை வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.